மேகத்துக்குள் மூன்று பாட்டு

போன வாரம் நம் குழுவில் தையல் டீச்சர் மகன் போட்ட வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இந்த வருஷக் கோடை விழாக் கச்சேரி. மேடையில் யார் நிற்கிறார் என்றே தெரியவில்லை. முன்னால் நிற்பவர்களெல்லாம் கையைத் தூக்கிப் போனைப் பிடித்திருக்கிறார்கள். அதற்கு மேல் மேகம் வேறு இறங்கிக் கிடக்கிறது. பாட்டு மட்டும் கணீரென்று வருகிறது. அதன் கீழே ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தீர்கள். டிரம்ஸ் நெஞ்சுக்குள் அடித்தது என்று ஒருவர், பையன் இரண்டாவது பாட்டிலேயே மூச்சு வாங்கினான் என்று ஒருவர், கூட்டம் கூடவே பாடியதில் பாடுகிறவன் குரலே கேட்கவில்லை என்று ஒருவர். பேரன் பேத்தி எடுத்த பிறகும் இந்த விஷயத்தில் நாம் மாறவில்லை. கச்சேரி கேட்பதில் பாதிச் சுகம் மறுநாள் அதைப் பற்றிப் பேசுவதில்தான் நமக்கு.

கடைசியில் பாய்லர்க்காரர் மகள் எழுதினாள், என்ன இருந்தாலும் சின்ன வயதில் மேகத்துக்குள் கேட்டோமே அந்த மெட்ராஸ் பாட்டுக்காரம்மா, அதற்கு எதுவும் ஈடாகாது என்று. அவ்வளவுதான், எல்லோரும் கிளம்பிவிட்டீர்கள். ஊதாப் பட்டு என்றார் ஒருவர். இல்லை, நீலப் பட்டு. நல்ல உயரம். தலை நிறைய மல்லிகைப் பூ.

மல்லிகைப் பூ என்ற இடத்தில் நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பூவை அவர் தலையில் வைத்தது நான்.

டைப் பண்ண வராது என்று இத்தனை நாள் நழுவிக்கொண்டிருந்தவள் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலுக்குப் பின்னால் பாய்லர் கொட்டகை இருந்ததே, அங்கிருந்து தொடங்குகிறேன். நாலு பக்கமும் புகை படிந்த தகரம், நடுவில் யானைக் குட்டி மாதிரி அந்தப் பாய்லர். வெள்ளனே பாய்லர்க்காரர் யூக்கலிப்டஸ் பட்டையைப் போட்டுப் பற்றவைத்தால் கொட்டகை முழுக்க ஜலதோஷத் தைலம் தடவினதுபோல் வாசனை வரும். ஸ்டாஃப் குவாட்டர்ஸில் வீட்டுக்கு ஒரு வாளி வெந்நீர் என்று கணக்கு. வாளி மாறிப்போகாமல் இருக்கப் பிடியில் துணி கட்டியிருப்போம், எங்களுடையது சிவப்பு. வரிசையில் நின்றால் முன்பக்கம் சுடும், முதுகு விறைக்கும். அதனால் யாரும் ஒரே பக்கமாக நிற்பதில்லை, தோசை மாதிரி தம்மைத் தாமே திருப்பிப் போட்டுக்கொண்டே பேசுவார்கள்.

கோடை விழா மாதத்தில் அங்கே வேறு பேச்சே கிடையாது. முந்தின நாள் கச்சேரிக்குப் போனவர் சொல்ல வேண்டும், போகாதவர் கேட்க வேண்டும். யார் நன்றாகப் பாடினார், தபலா எங்கே தடுமாறியது, ஏரிக்கரைச் சவாரிக் குதிரை எங்கே கனைத்தது, எல்லாம் வரும். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு கடைசியாகத் தீர்ப்புச் சொல்வது என் சித்தப்பா. பள்ளிக்கூடத்தில் அவர் கிளார்க். மிஷன் கோயிலில் பாடகர் குழுத் தலைவர். சட்டைப் பையில் வட்டமாக ஒரு சுருதிக் குழல் வைத்திருப்பார், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சில நாள் அதை எடுத்து ஒரு ஊது ஊதி, நேற்றுப் பாடினவர் இதைவிட ஒரு நூல் கீழே நின்றார் என்பார். மறுபேச்சு இருக்காது. நல்ல மனிதர். உறைபனி விழும் நாளில் நாங்கள் கண்விழிக்கும் முன் எங்கள் வாளியையும் சேர்த்துத் தூக்கி வந்து வாசலில் வைக்கிறவர்.

சித்தி அதற்கு முந்தின வருஷம்தான் கல்யாணமாகி வந்தார். சிலோன் தேயிலை எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பம். குவாட்டர்ஸ் வரிசையை நாம் லைன் வீடு என்போம், சித்தி லயம் என்பார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சித்தப்பா பெருமையாகக் கூட்டிப்போய்ப் பாடகர் குழுவில் நிறுத்தினார். முதல் பாட்டில் சித்தி வாயைத் திறந்ததும் முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுவரை தலைகள் திரும்பின. இந்த மலையிலிருந்து அந்த மலையில் கொழுந்து பறிக்கிறவளைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. அதை நாலு சுவருக்குள் விட்டால் என்ன ஆகும்?

அன்று மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. சித்தப்பா கோபமாகப் பேசவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார். "குரல் ரொம்பப் பெருசா கெடக்கு. மத்தவங்க குரலை அமுக்கிருது. நீ வாயை மட்டும் அசைச்சா போதும்."

சித்தி சரி என்றார். அன்றிலிருந்து வெள்ளைச் சேலை கட்டி இரண்டாவது வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்ப்பேன். வாய் சரியான இடத்தில் திறக்கும், கழுத்து நரம்பு எழும்பும், கண் மேலே போகும்; சத்தம் மட்டும் இராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எனக்கு அது விளையாட்டாகப் பட்டது. நானும் அப்படியே அசைத்துக் காட்டுவேன். சித்தி சிரிக்க மாட்டார்.

வீட்டிலும் பாட முடியாது. ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடு. ஒரு வீட்டில் ஸ்பூன் விழுந்தால் அடுத்த வீட்டில் யார் வீட்டு ஸ்பூன் என்று கேட்பார்கள். சித்தி அடுப்பு ஊதும்போது மட்டும் ஒன்று செய்வார். ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பாடுவார். பாட்டு குழல் வழியாக இறங்கிச் சாம்பலுக்குள் போய்விடும். பக்கத்தில் குந்தியிருந்தால் ஒரு வண்டு ரீங்கரிப்பதுபோல் கேட்கும். விறகு பிடித்த பிறகும் ஊதிக்கொண்டே இருப்பார்.

இனி என் வாய். அந்த வருஷம் ஈஸ்டருக்கு வார்டன் அம்மா எல்லோர் வீட்டுக்கும் கேக் கொடுத்து, ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் செய்ததாகச் சொன்னார். பாய்லர் வரிசையில் எல்லோரும் அதைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது நான் நடுவில் புகுந்து, ஏழு ரோடு பக்கம் பேக்கரியில் அவர் பெட்டியோடு நின்றதைப் பார்த்தேன் என்றும் பெட்டி மஞ்சள் நிறம் என்றும் சொன்னேன். வார்டன் அம்மா என் பின்னால்தான் வாளியோடு நின்றிருந்தார். இன்னொரு தடவை வாயைத் திறந்தால் வத்தலக்குண்டு போர்டிங்கில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று அம்மா பைபிள் மேல் கை வைத்துச் சொன்னார். நீங்கள் எல்லோரும் என்னை ஓட்டவாய் என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். மறுக்க வேண்டாம்.

அதற்கு அடுத்த மாதம் கோடை விழா. பூச்செடிக் கண்காட்சி காட்டுகிறேன் என்று அம்மாவிடம் கேட்டுச் சித்தி ஒரு மத்தியானம் என்னைக் கூட்டிப் போனார். சித்தப்பா ஆண்களோடு முன்னமே போய் நாற்காலி பிடித்திருந்தார். சித்தி ஊதாக் கோட்டுப் போட்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து மிஷனுக்கு மூட்டை மூட்டையாக வருமே, அந்தக் கோட்டு. குவாட்டர்ஸில் எல்லாப் பெண்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. இதற்கு உள்ளங்கை அகலத்தில் ஐந்து பட்டன். எந்தத் தேசத்துக்காரிக்கு அளவெடுத்ததோ, தோள் தொளதொள என்றும் கழுத்து குறுகியும் இருக்கும். கழுத்துப் பட்டனைச் சித்தி போடவே மாட்டார்.

கண்காட்சி பார்த்துவிட்டுக் கச்சேரி மேடைக்குப் பின்னால் வந்தபோது மைக்செட்காரர் சித்தியைப் பார்த்து, அக்கா என்று ஓடி வந்தார். சித்தி பிறந்த அதே எஸ்டேட்டில் பக்கத்து வீட்டுப் பையன். அவர் முகம் வெளிறியிருந்தது. மெட்ராஸிலிருந்து வாத்தியக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள், பாடுகிற அம்மாவின் கார் வரவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து வழி அடைத்துக் கிடக்கிறது. பெயரை முன்னமே சொல்லிவிட்டார்கள், கூட்டம் விசில் அடிக்கிறது. அந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து முன் வரிசையை மூடி, மேடையையும் மூடியது. கைக்கு எட்டுகிற தூரத்திலிருந்த மைக்செட்காரரே சாம்பலாகத் தெரிந்தார்.

அவர் சித்தியை ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கெஞ்சினார். யார் என்று எவருக்கும் தெரியப்போவதில்லை என்றார். சித்தி முடியாது என்று தலையாட்டினார். என்னைப் பார்த்தார். ஒயர் சுருட்டி வைத்த மரப்பெட்டி மேல் நான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி என் மடியில் வைத்தார். சேலை அடையாளம் தெரியக்கூடாது என்று மைக்செட்காரரே அவசர அவசரமாகக் கோட்டுப் பட்டன்களைப் போட்டுவிட்டார், கழுத்துப் பட்டன் உட்பட. சித்தி மேடையேறினார்.

பாட்டைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் முன்னால் இருந்தீர்கள், இத்தனை வருஷமாக நீங்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நான் பின்னாலிருந்து பார்த்தது இரண்டே விஷயம். முதல் பாட்டின் முதல் வரியில் ஆர்மோனியக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், சித்தியின் வெறுங்கால். ஈரப் பலகையில் பெருவிரலை ஊன்றி நின்றது. சரிவில் கொழுந்துக் கூடையோடு நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்களாம்.

மூன்று பாட்டு. கைதட்டல் மேகத்துக்குள்ளிருந்து, ஆளே இல்லாமல் வந்தது. மேகம் விலகுவதற்குள் சித்தி இறங்கிவிட்டார். ஆர்மோனியக்காரர் பின்னாலேயே வந்து, விழா முடிகிறவரை இங்கேதான் இருப்போம், வீட்டில் சொல்லி அனுமதி வாங்கி வாருங்கள், அடுத்த கச்சேரியில் உங்கள் பெயரைச் சொல்லியே பாடவைக்கிறேன், கீழே திண்டுக்கல் மதுரைப் பக்கமும் கூட்டிப்போகிறேன் என்றார். அந்த மெட்ராஸ் அம்மா பாதி வழியிலேயே திரும்பிப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. விழாக்காரர்கள் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

திரும்பி வரும்போது சித்தி என் கையைப் பிடித்திருந்தார். அவர் கை கொதித்தது. ஏரிக்கரை வளைவில் கேட்டார். "பாத்தத வீட்டுல சொல்லுவியா, பாப்பா?"

எனக்கு அம்மாவின் கை பைபிள் மேல் இருந்தது ஞாபகம் வந்தது. "சத்தியமா சொல்ல மாட்டேன் சித்தி. செத்தாலும் சொல்ல மாட்டேன்."

சித்தி நின்றார். என்னவோ சொல்ல வந்தார். சரி என்று மட்டும் சொன்னார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரியவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

மறுநாள் பாய்லர் கொட்டகை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர். உடம்பு சிலிர்த்தது என்றார் தையல் டீச்சர். தன் அம்மா இறந்த அன்றுகூட அழாத பாய்லர்க்காரர் நேற்று அழுதேன் என்றார். ஊதாவாக ஏதோ தெரிந்தது என்று யாரோ சொல்ல, உடனே அது பட்டாகிவிட்டது. அத்தனை வீட்டிலும் ஆணியில் தொங்கிய கோட்டு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சித்தி அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நான்காவதாக நின்றிருந்தார்.

கடைசியில் சித்தப்பா. சுருதிக் குழலைக் கையில் எடுத்தார், ஊதவில்லை. "இத்தனை வருஷமா நானும் பாட்டு சொல்லிக் கொடுக்கேன். அந்த மாதிரி ஒரு குரல் கேட்டதில்ல. மூணாவது பாட்டுல உச்சிக்குப் போற இடத்துல போகாம, பாதியில அப்படியே எறக்குனாங்க பாருங்க. அது சொல்லிக் கொடுத்து வராது. பெரிய வித்தை."

கொட்டகை மொத்தமும் ஆமோதித்தது. எனக்கோ வாய்க்குள் ஒரு கோழிக்குஞ்சை வைத்து மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. அது கொத்துகிறது, கத்துகிறது. நான் மப்ளரை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

அந்த இரண்டு வாரமும் நான் பட்டதை என்னவென்று சொல்வேன். பல் தேய்க்கும்போதுகூட யாராவது அதைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று பயம். இதில் சித்தி வேறு சோதித்துக்கொண்டே இருந்தார். அன்று எந்தப் பக்கம் நின்றோம் பாப்பா என்று அம்மா முன்னாலேயே கேட்பார். நான் மறந்துபோச்சு என்பேன். மேடைக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி இருந்ததே என்பார். எனக்குத் தெரியாது என்பேன். ஒருநாள் சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நாங்களும் மேடைப் பக்கம்தான் நின்றோம், இவளைக் கேளுங்கள் என்றுகூடச் சொன்னார். நான் எழுந்து ஓடிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பாஸ் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. சித்தி நாளுக்கு நாள் மெலிந்தார். பயத்தில் மெலிகிறார் என்று நினைத்து, இன்னும் இறுக்கமாக வாயை மூடினேன்.

விழாவின் கடைசி நாள் காலை. மத்தியானம் வாத்தியக்காரர்களும் மைக்செட் லாரியும் கீழே இறங்கிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். வரிசையில் மறுபடி அதே பேச்சு. சித்தப்பாவுக்கு நான் ஓடிப்போனது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஏ புள்ள, நீதான் மேடைப் பக்கம் நின்னியாமே. அந்தம்மா முகத்த நீயாச்சும் பாத்தியா?"

எல்லோரும் திரும்பினார்கள். சித்தி வாளியைக் கீழே வைத்தார். என் முன்னால் குனிந்து, மூக்குவரை ஏறியிருந்த மப்ளரைப் பிடித்து, வாய் தெரியும்படி கீழே இறக்கினார்.

"சொல்லு பாப்பா. பாத்தத அப்படியே சொல்லு."

கடைசிப் பரீட்சை என்று நினைத்தேன். முழு மார்க் வாங்கிவிட முடிவு செய்தேன். நல்ல சிவப்பு என்றேன். உயரம். ஊதாப் பட்டு, பெரிய ஜரிகை. தலை நிறைய மல்லிகைப் பூ, மேகத்தோடு மேகமாக வாசனை வந்தது. பாடி முடித்து என் கன்னத்தைத் தட்டி, என்ன வகுப்புப் படிக்கிறாய் என்று மெட்ராஸ் பேச்சில் கேட்டார்.

வார்டன் அம்மாதான் முதலில் சொன்னார். "ஓட்டவாய் சொன்னா சரியாத்தான் இருக்கும். அதுக்கு மறைக்கத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். பாய்லர் குழாயைத் திறந்ததில் ஆவி எழுந்து சித்தியின் முகத்தை மறைத்தது. ஆவி போன பிறகு பார்த்தேன். அவர் வாளியோடு பாதித் தூரம் போய்விட்டிருந்தார்.

அன்று மத்தியானம் லாரி போனது. அதற்குப் பிறகு சித்தப்பா ஓய்வு பெறும்வரை, சித்தி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டாவது வரிசையில் நின்று வாயை அசைத்தார். நாம் ஒவ்வொருவராகப் படிக்கவும் கட்டிக்கொள்ளவும் மலையிறங்கிப் போனோம். கேஸ் அடுப்பு வந்தது, ஊதுகுழலுக்கும் சோலி இல்லாமல் போனது. கோட்டு எந்த வருஷம் கரித்துணியானதோ தெரியாது.

சித்தப்பா இறந்த பிறகு சித்தி போளூரில் மகள் வீட்டில் இருக்கிறார். உங்கள் மெசேஜ்களைப் படித்த மறுநாள் அங்கே போனேன். வலது காது போய்விட்டது. இடது காதுப் பக்கம் உட்கார்ந்து, நீங்கள் எழுதியதையெல்லாம் சத்தமாகப் படித்தேன். மல்லிகைப் பூ வந்ததும் சித்தி சிரித்தார். நான், எப்படிக் காப்பாற்றினேன் பார்த்தீர்களா சித்தி, இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை என்றேன்.

சித்தி உரித்துக்கொண்டிருந்த பூண்டைக் கீழே வைத்தார்.

"உன் வாயை நம்பித்தானே புள்ள நான் மேடை ஏறினேன். நீ பெட்டி மேல உக்காந்திருந்தே. ராத்திரிச் சோத்துக்குள்ள இவ லயம் முழுக்கச் சொல்லிருவான்னு நெனைச்சேன். அந்தத் தைரியம்தான்."

நீங்களே சொல்லியிருக்கலாமே சித்தி என்றேன்.

"நான் சொன்னா நான் சொன்னதாத்தான் இருக்கும். நீ சொன்னா நடந்ததா இருக்கும். அவரு அத்தனை பேருக்கு முன்னால அப்படிப் புகழ்ந்த பெறகு நீ சொல்லியிருந்தா, அவரால அதைத் திருப்பி எடுத்திருக்க முடியாது தானே?"

கோபமாகச் சொல்லவில்லை. சாந்தமாகச் சொல்லிவிட்டு மறுபடி பூண்டை எடுத்துக்கொண்டார். அத்தனை பேர் குரல் அமுங்குகிறது என்று ஒரு குரலை மூடியவர் சித்தப்பா. அது வெளியே வர வைத்திருந்த ஒரே ஓட்டையையும் அடைத்தவள் நான். அவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, எனக்கும் இல்லை.

ஆகவே நண்பர்களே, ஓட்டவாய் இப்போது சொல்கிறேன். மேகத்துக்குள் பாடியது மெட்ராஸ் அம்மா இல்லை. வரிசையில் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் வாளியோடு நின்ற எங்கள் சித்தி. பட்டு இல்லை, மூட்டையில் வந்த கோட்டு. பூ இல்லை. அன்று கேட்டதை நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் குரலிலேயே பேசி அனுப்புங்கள். அவருடைய இடது காதில் வைக்கிறேன். வெரசா அனுப்புங்கள்.

நேற்று இதை எழுதி முடித்துச் சித்திக்குப் போனில் படித்துக் காட்டினேன். சித்தப்பா புகழ்ந்த இடத்தை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது பாட்டு, உச்சிக்குப் போகாமல் பாதியில் இறக்கியது, பெரிய வித்தை.

"அது வித்தை இல்ல புள்ள," என்றார் சித்தி. "கழுத்துப் பட்டன் இறுக்கிப் பிடிச்சிருச்சு. மேல எடுக்க மூச்சு வரல. கோட்டக் கழட்டிட்டுப் பாடியிருந்தேன்னா அந்த இடத்தை நீங்க கேட்டிருக்கணும்."